ஊர்வாய்த் திரட்டு

ஈரோட்டிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. கேசரி ஆறி, பாத்திரத்தின் ஓரத்தில் நெய் உறைந்துகொண்டிருந்த நேரத்தில் சென்னியப்பனின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ‘தவிர்க்க முடியாத காரணத்தால்’ என்று தொடங்கி, ‘தங்கள் குடும்பத்துக்கு எல்லா நலமும் உண்டாகட்டும்’ என்று முடிந்திருந்தது. நாமக்கல்காரர்கள் அனுப்பியதும் இதே வாசகம்தான். கோபிக்காரர்கள் அனுப்பியதும் இதுதான். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. மறுப்பைச் சொல்லக்கூட ஒரு மனிதன் மெனக்கெடவில்லை என்பதுதான் அவருக்கு அதிகம் உறைத்தது.

கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் எத்தனையோ உண்டு. சென்னியப்பன் பட்டறையில் கட்டிய வண்டி கவிழ்ந்தாலும் கூரை அமுங்காது என்று டிரைவர்கள் சொல்வார்கள். தகட்டின் கனத்தில் கை வைக்காத குடும்பம். குலதெய்வக் கோயிலில் முதல் மரியாதை வாங்கும் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒருவன் வராமல் இருப்பதா?

“விடுங்ப்பா, கேசரியை நம்ம கிளினிக்குக்கு எடுத்துட்டுப் போறேன். அங்க எல்லாரும் சாப்பிடுவாங்க,” என்றாள் மதி. கவின்மதி அவருக்கு ஒரே மகள். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு அரசு மருந்தகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் அம்மா பூங்கொடி இறந்த பிறகு அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். பட்டுப்புடவையைக் கட்டியபடியே அவள் தூக்குப்போசியில் கேசரியை அள்ளிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் வருத்தம் இல்லை. வேறு ஏதோ இருந்தது. அவருக்கு அது என்னவென்று பிடிபடவில்லை.

குமரேசனை வரச் சொன்னார்.

குமரேசன் ஒரு காலத்தில் தரகன். மஞ்சள் பையில் ஜாதகக் கட்டுகளைத் திணித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஊர் ஊராகப் போவான். இப்போது ‘ஊர்வாய்’ நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரதிநிதி. சட்டைப் பையில் அதன் சின்னம் இருக்கும். எல்லாத் திருமணத் தளங்களிலும் உள்ள வரன்களை, எல்லாத் தரகர்களின் கையிலும் உள்ள ஜாதகங்களை, சங்கங்கள் நடத்தும் சுயம்வரங்களின் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் கொடுப்பது ஊர்வாயின் வேலை. அது வந்த பிறகு வேறெங்கும் போய் வரன் தேடுபவர்கள் இல்லாமல் போனார்கள்.

“எதுக்கு வரலை? எனக்குக் காரணம் தெரிஞ்சாகணும்,” என்றார் சென்னியப்பன்.

குமரேசன் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தான். அது எப்போதோ ஆறியிருந்தது.

“ஏனுங்க ஐயா, அதையெல்லாம் விடுங்க. வேற பார்க்கலாம்.”

“என் பொண்ணுகிட்ட குறை இருக்குதா?”

“ஐயோ, பாப்பாகிட்ட என்னங்க குறை.”

“அப்ப என்கிட்டயா?”

குமரேசன் டம்ளரைக் கீழே வைத்தான். “ஊர்வாய் வரனை மட்டும் திரட்டறதில்லைங்க. குடும்பத்தைப் பத்தியும் திரட்டும். முன்னாடி ஒரு சம்பந்தம்னா நான் என்ன பண்ணுவேன்? சலூன்ல உக்காருவேன், எதிர்வீட்ல தண்ணி கேட்பேன், டீக்கடைல பேச்சுக் கொடுப்பேன். நாலு பேர் நாலு விதமாச் சொல்லுவான். அதுல எது உண்மை, எது வயித்தெரிச்சல்னு நான் சலிச்சு எடுப்பேன். அதையேதான் இது பண்ணுது. போன்ல பேசினது, குடும்பக் குரூப்ல எழுதினது, வீட்ல இருக்கிற பெட்டி காதுல விழுந்தது, முனிசிபாலிட்டி பதிவு, எல்லாம். எல்லாத்தையும் சேர்த்து ஒரு பக்கத்துல சுருக்கி, எதிர்ப்பார்ட்டிக்கு மட்டும் கொடுக்கும். அவங்கவங்க சுருக்கத்தை அவங்கவங்க பார்க்க முடியாது.”

“இதுக்கெல்லாம் யாரு சம்மதம் கொடுத்தது?”

“நீங்கதானுங்க. சம்மதம் கொடுக்காம வரன் பார்க்க முடியாதே. நீங்க மட்டுமில்ல, இந்த ஜில்லாவுல கல்யாண வயசுல புள்ளை வெச்சிருக்கிற எல்லாரும் கொடுத்துட்டாங்க.”

மேசை மேலிருந்த பெட்டியைச் சென்னியப்பன் பார்த்தார். கைக்கடக்கமானது. பாட்டுக் கேட்கவும், விளக்குப் போடவும், மழை வருமா என்று கேட்கவும் எல்லார் வீட்டிலும் இருப்பது. அதன் நெற்றியில் பச்சைப் புள்ளி எரிந்தது.

“எங்க வீட்டைப் பத்தி என்ன சொல்லுது? நீ படிச்சிருப்பே. மறைக்காம சொல்லு.”

குமரேசன் தரையைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தான். சொத்து தெளிவானது. குடி இல்லை. வழக்கு இல்லை. தொழிலில் நல்ல பேர். பெண்ணின் நடத்தையில் குறை இல்லை. அப்புறம் அவன் குரல் இறங்கியது. “இந்தக் குடும்பத்தில் ஒரு பெண்ணின் மரணம் இயற்கையானது அல்ல, குடும்பத்தாரால் நிகழ்ந்தது என்று கருத இடமுண்டு. நம்பகத்தன்மை மிக அதிகம். அப்படின்னு கடைசி வரி இருக்குதுங்க.”

சென்னியப்பன் தலையைத் திருப்பினார். கூடத்துச் சுவரில் அவருடைய தங்கை செல்வநாயகியின் படம் தொங்கியது. சந்தன மாலை போட்டிருந்தது.

மதி தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. பட்டறையில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்துப் பேர் எழுதும் ஒருவனோடு நாயகி போய்விட்டாள். அவன் எந்தத் தெரு என்பதை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும். சித்தப்பன்மார்கள் அரிவாள் பேச்சுப் பேசினார்கள். சென்னியப்பன்தான் ஒப்பவில்லை. “என் வீட்டு மானத்தை எப்படிக் காப்பாத்தறதுன்னு எனக்குத் தெரியும்,” என்றார். மறுநாள் விடிவதற்குள் பஸ் ஸ்டாண்டிலிருந்து அமராவதிப் பாலம் வரைக்கும் நாயகியின் படம் போட்ட கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. ஆற்றில் தலைமுழுகினார். பந்தல் போட்டுக் கருமாதி செய்தார். வந்தவர்கள் எல்லாரும் அவள் உயிரோடு இருப்பதைத் தெரிந்துகொண்டே அழுதார்கள், சாப்பிட்டார்கள், ஆறுதல் சொன்னார்கள். அந்த ஊரில் அப்படி ஒரு முறை உண்டு. ஓடிப்போனவளைச் செத்தவளாக்கிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. கையில் ரத்தம் படாமல் குடும்பத்தைக் காப்பாற்றிய கெட்டிக்காரத்தனம் என்று அவர் அதை உள்ளுக்குள் இன்றுவரை பெருமையாகவே வைத்திருந்தார்.

“அது சும்மா ஒட்டினதுன்னு எல்லாருக்கும் தெரியுமே குமரேசா.”

“எல்லாருக்கும் தெரியுங்க. யாராவது சொன்னாங்களா? வாயில வந்ததைத்தான் அது திரட்டும். மனசுல இருக்கிறதைத் திரட்டாது. செத்துட்டா, செத்துட்டான்னே எல்லாரும் சொல்லியிருக்காங்க. அஞ்சலி ஒட்டியிருக்கு, கருமாதி நடந்திருக்கு. ஆனா ஆஸ்பத்திரியில பேர் இல்ல, சுடுகாட்டுல பேர் இல்ல, மரணச் சான்றிதழ் இல்ல. அதுக்கு முந்தின வாரம் அந்தப் பெயின்ட் அடிக்கிற பையனோட சேர்த்துப் பேச்சு வேற. எல்லாத்தையும் கூட்டினா அது வேற என்னங்க நினைக்கும்?”

“தெரிஞ்சவங்களைச் சொல்லச் சொல்லு.”

“யாரைங்க? உங்க சித்தப்பன்மாருங்க இல்ல. உங்கம்மா இல்ல. பூங்கொடியம்மாவும் போய்ட்டாங்க. மிச்சம் இருக்கிறவங்களுக்குச் சொல்லிச் சொல்லி அதுவே நிஜமாயிடுச்சு. போன மாசம் உங்க பெரியம்மா மகன்கிட்டப் பேசறேன், ‘பாவம், காய்ச்சல்ல போயிடுச்சு’ங்கறார்.”

மதியிடம் சொன்னதும் காய்ச்சல் என்றுதான். வெள்ளிக்கிழமைகளில் அந்தப் படத்துக்கு விளக்கு வைத்து வளர்ந்தவள் அவள்.

“திருத்த வழி இல்லையா?”

“ஒரே வழிதாங்க. அந்தம்மா நேர்ல வரணும். ‘நான்தான் இவர் தங்கச்சி, உயிரோட இருக்கேன்’னு ரெண்டு பேரும் பெட்டி முன்னாடி ஒண்ணா நின்னு சொல்லணும்.”

*

நாயகி எங்கே இருக்கிறாள் என்று சென்னியப்பனுக்குத் தெரியும். மேட்டூருக்கு ஒரு வண்டியை ஒப்படைக்கப் போனபோது கடைவீதியில் அவளைப் பார்த்தார். ஒரு டிரைவிங் ஸ்கூல் காரில், ஓட்டப் பழகும் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பூங்கொடியிடமும் சொல்லவில்லை.

‘அன்னை டிரைவிங் ஸ்கூல்’ என்ற பலகைக்குக் கீழே அவர் போய் நின்றபோது நாயகி ஒரு காரின் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடி பாதி நரைத்திருந்தது. நிமிர்ந்தாள். அவள் முகம் ஒரு கணம் வெளுத்தது. முதலில் அவருக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்றுதான் பார்த்தாள்.

“தனியாத்தான் வந்தேன்,” என்றார்.

“போன்?”

“என் கார்ல கிடக்குது.”

“இதுல ஏறு,” என்று பழகுகிற காரைக் காட்டினாள். முன்பெல்லாம் அவரை ‘நீங்க’ என்பாள். “டிரைவர் சீட்ல உக்காரு. பழைய வண்டி. இதுக்குக் காது கிடையாது.”

அவர் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. அணைக்குப் போகும் சாலையில் வண்டி ஊர்ந்தது. முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர் கியரை மாற்றும்போது குலுக்கினார்.

“கிளட்ச்சை மெதுவா விடு,” என்றாள். “பஸ் கட்டத் தெரியுது, ஓட்டத் தெரியல.”

அவர் விஷயத்தைச் சொன்னார். நேராகத்தான் சொன்னார், கெஞ்சவில்லை. மதியின் கல்யாணம் தள்ளிப்போவதைச் சொன்னார். தன்னைக் கொலைகாரன் என்று ஒரு இயந்திரம் ஊருக்கெல்லாம் சொல்வதைச் சொன்னார். நாயகி முதலில் சிரித்தாள். சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

“அந்தப் போஸ்டரை நான் பார்த்தேன். உனக்குத் தெரியுமா? ராத்திரி பஸ் பிடிக்க வந்தப்ப, பஸ் ஸ்டாண்டு சுவத்துல ஒட்டிட்டிருந்தான். பசை கூடக் காயல. பத்தாவது படிச்சப்ப எடுத்த போட்டோ. வேற நல்ல போட்டோ கிடைக்கலியா உனக்கு?”

“நடந்தது நடந்து போச்சு.”

“எனக்கு என்ன நடந்துச்சு? நான் பாட்டுக்கு இருக்கேன். எங்க வீட்டுக்காரர் இப்பவும் பேர்ப்பலகை எழுதறார். பையன் பாலிடெக்னிக் படிக்கிறான்.” பக்கவாட்டுக் கண்ணாடியைச் சரிசெய்தாள். “மதி எப்படி இருக்கா?”

“மாட்டு டாக்டர்.”

“பார்றா.” அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஒரு வார்த்தை வந்து சொல்லிட்டுப் போ நாயகி. உயிரோட இருக்கிறவ உயிரோட இருக்கேன்னு சொல்றதுல என்ன கஷ்டம்?”

“கஷ்டம் இருக்குது. அப்ப நான் ஏன் பிழைச்சேன்னு நினைக்கிறே? உங்க சித்தப்பன்மாருங்க மனசு மாறியா? நீ ‘செத்துட்டா’ன்னு போஸ்டர் ஒட்டினதால. செத்தவளை யாரும் தேடி வர்றதில்லை. உண்மையைச் சொன்னா, நீ பண்ணதுல எனக்கு உதவினது அது ஒண்ணுதான்.” வண்டி ஒரு மாட்டுவண்டியை ஒட்டிப் போனபோது அவள் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தாள். “இப்ப நான் வந்து அந்தப் பெட்டி முன்னாடி நின்னா, என் பேரும் என் பையன் பேரும் உன் வீட்டோட ஒட்டிக்கும். எவன் வேணும்னாலும் பார்ப்பான். சித்தப்பன்மாருங்க போனா என்ன, அந்தப் புத்தி போயிடுச்சா?”

“யாரும் கிட்ட வர மாட்டாங்க. நான் இருக்கேன்.”

“அப்படின்னா அதை ஊருக்குச் சொல்லு. மதி கல்யாணப் பத்திரிகையில அத்தை, மாமான்னு எங்க ரெண்டு பேர் பேரையும் போடு. அவர் பேரைச் சேர்த்துப் போடு. எங்களை முன் வரிசையில உக்கார வை. நீ முதல்ல சொல்லு, இவ என் தங்கச்சின்னு. அப்புறம் எவனுக்கும் கை நீளாது. அதுக்கப்புறம் நான் எந்தப் பெட்டி முன்னாடி வேணும்னாலும் வந்து நிக்கிறேன்.”

சென்னியப்பன் சாலையைப் பார்த்து ஓட்டினார். பத்திரிகையில் அந்தப் பேர். அதைக் கையில் வாங்கும் பங்காளிகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கோயில் வாசலில் முதல் பரிவட்டத்துக்குத் தலை குனியும்போது பின்னாலிருந்து ஒருவன் லேசாக இருமுவான். அந்த இருமல் அவருக்கு இப்போதே கேட்டது.

“அது முடியாது,” என்றார்.

“தெரியும். கேட்டுப் பார்த்தேன்.” அவள் குரலில் கோபம் இல்லை. “அடுத்த சந்துல திருப்பு. இன்டிகேட்டர் போடு.”

*

பத்து நாளுக்குள் குமரேசனே போன் செய்தான். குரலில் குதூகலம். வெள்ளகோயில் பக்கத்திலிருந்து பெரிய இடம், அவர்களாகவே கேட்டு வந்திருக்கிறார்கள் என்றான்.

“சுருக்கத்தைப் படிச்சாங்களா?”

“வரிவிடாமப் படிச்சுட்டாங்க. அதையெல்லாம் பெருசா எடுத்துக்கலைங்க.”

சென்னியப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. குடும்பத்தின் தரத்தைத் தெரிந்த மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு இயந்திரம் உளறினால் ஆயிற்றா?

இந்த முறை சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்து மென்மையான மனிதர். வெள்ளை வேட்டியில் ஒரு மடிப்புக் கலையவில்லை. சமையற்காரம்மாவைக்கூட ‘வாங்க போங்க’ என்றார். பஜ்ஜியில் ஓமம் போட்டிருப்பதைப் பாராட்டினார். மாப்பிள்ளை நூல்மில் பார்த்துக்கொள்கிறான். மதியிடம் அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். “போன்ல யார்கூட அதிகமாப் பேசுவீங்க?”

“மாட்டுக்காரங்ககூட,” என்றாள் மதி. பெண்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

பெண்களும் மாப்பிள்ளையும் பட்டறையைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். மதி சமையலறைக்குப் போனாள். நாச்சிமுத்து எழுந்து கூடத்துச் சுவரருகே போய், நாயகியின் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டார்.

“இவங்கதானுங்களா உங்க தங்கச்சி?”

“ஆமாங்க.”

“லட்சணமான பொண்ணு.” திரும்பி வந்து உட்கார்ந்தார். “சம்பந்தி, ஒண்ணு மனசு விட்டுச் சொல்லட்டுங்களா? மத்தவங்க அந்தக் கடைசி வரியைப் படிச்சுட்டு ஓடியிருப்பாங்க. நாங்க அந்த வரியைத் தேடித்தான் வந்தோம்.”

“எனக்குப் புரியலைங்க.”

“எங்க சுருக்கத்துலயும் அதே வரி இருக்குதுன்னு தரகர் சொன்னாருங்க. என் அண்ணன் பொண்ணு. கிணத்துல விழுந்துட்டா.” ‘விழுந்துட்டா’ என்பதை அவர் ஒரு குழந்தையின் குறும்பைச் சொல்வதுபோலச் சொன்னார். “அதுக்கப்புறம் எங்களுக்கும் யாரும் பொண்ணு கொடுக்கல. சரி, நம்ம மாதிரி குடும்பமாப் பார்த்துக் கொடுன்னு ஊர்வாய்கிட்டயே கேட்டோம். அழகாத் திரட்டிக் கொடுத்துடுச்சு. இந்த ஜில்லாவுல மட்டும் எத்தனை வீடு இருக்குது தெரியுங்களா? நாம தனியா இல்லைங்க.”

சென்னியப்பனின் பார்வை மேசைப் பெட்டிக்குப் போனது. நாச்சிமுத்து அதைக் கவனித்தார்.

“அது கேட்டா கேட்டுட்டுப் போகுது. போலீஸுக்குச் சொல்லாது. வரன் பார்க்கிறவங்களுக்கு மட்டும்தான் சொல்லும். அது அவங்க வியாபாரம்.”

சென்னியப்பன் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார். அதே சமயம் வேறொன்றும் நடந்தது. அதுதான் அவரை அதிகம் கலக்கியது. நாச்சிமுத்துவின் கண்ணில் மரியாதை இருந்தது. சுத்தமான, கலப்பில்லாத மரியாதை. சித்தப்பன்மார்கள் கடைசிவரை அவருக்குக் கொடுக்காதது அது. ‘மெத்தனக்காரன், போஸ்டரோட நின்னுட்டான்’ என்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். ஒரு கணம், ஒரே கணம், அந்த மரியாதையை வாங்கி மடியில் கட்டிக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டார். அந்த வெட்கத்தில்தான் வாய் திறந்தது.

“நான் கொல்லலைங்க. அவ உயிரோட இருக்கா.”

நாச்சிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். மரியாதை போய்விடவில்லை, அதன் மேல் ஒரு பரிவு வந்து படிந்தது.

“அப்படிங்களா,” என்றார் மெதுவாக. “கூடப் பிறந்த பாசம். தப்புச் சொல்ல மாட்டேன். எல்லாராலயும் முடியாது. எங்கண்ணனும் ரெண்டு நாள் சோறு திங்கலை.” நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்தார். “ஆனா நாளைக்கு நம்ம பேரன் பேத்திக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாது பாருங்க. சம்பந்தம்னு ஆயிட்டா உங்க குறை எங்க குறை. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், கிட்டவே வர வேண்டாம். எங்க பசங்க இருக்காங்க. குழந்தை குட்டி ஏதாவது இருக்குதுங்களா?”

பாலிடெக்னிக் படிக்கும் பையன். சென்னியப்பன் அவனைப் பார்த்ததுகூட இல்லை.

பெட்டியின் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. ‘உயிரோட இருக்கா’ என்ற சொல் அதன் காதில் விழுந்தாயிற்று. குமரேசனிடம்கூட ‘சும்மா ஒட்டினது’ என்றதோடு நிறுத்தியிருந்தார். இத்தனை வருஷத்தில் முதன்முதலாக ஒருவன் அதைச் சொல்லியிருக்கிறான், அதுவும் கூடப் பிறந்தவன். இனி அது தேடும். கண்ணீர் அஞ்சலியில் இருந்த முகத்தை எடுத்துக்கொண்டு, தமிழ்நாட்டில் நரைத்த முடியோடு இருக்கும் எல்லா முகங்களோடும் ஒட்டிப் பார்க்கும். பொழுது சாய்வதற்குள் மேட்டூருக்குப் போய்விடும். கேட்கிறவர்களுக்கு மேல்விலாசத்தோடு கொடுக்கும். நாச்சிமுத்து கேட்பார்.

சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. அதைவிடக் கனமான ஒரு சொல்லை அதன் மேல் ஏற்றி அமுக்கலாம். அவ்வளவுதான் முடியும்.

சென்னியப்பன் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது.

“சும்மா ஆழம் பார்த்தேனுங்க. அவ உயிரோட இருக்கான்னு சொன்னா நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா? பொண்ணைக் கொடுக்கிறவன் இல்லையா நான்?”

நாச்சிமுத்து அவரையே பார்த்தார். முழுதாக நம்பவில்லை.

“அவ இல்லைங்க.” சென்னியப்பன் குரலை உயர்த்தினார். பெட்டிக்கு நன்றாகக் கேட்கவேண்டும். ஒவ்வொரு சொல்லையும் ஆணி அடிப்பதுபோல நிறுத்திச் சொன்னார். “வேற யாரையும் விடலை. நான்தான் முடிச்சேன். என் தங்கச்சி செல்வநாயகியை என் கையாலதான் முடிச்சேன். அமராவதியில தண்ணி நிறையப் போயிட்டிருந்துச்சு. கால்ல கல்லைக் கட்டி விட்டேன். அதனாலதான் பதிவு ஒண்ணும் கிடையாது. அப்புறமா வந்துதான் போஸ்டர் ஒட்டினேன்.”

நாச்சிமுத்து பெருமூச்சு விட்டார். அவர் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து சென்னியப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “ஒரு நிமிஷம் பயமுறுத்திட்டீங்களே சம்பந்தி.”

அப்போதுதான் சென்னியப்பன் வாசற்படியைப் பார்த்தார். மதி காபித் தட்டோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. தட்டு ஆடவில்லை. அவள் மிகக் கவனமாக நடந்து வந்து, இருவருக்கும் நடுவில் இருந்த மேசையில் தட்டை வைத்துவிட்டு, அப்பாவின் கைகளைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. நாச்சிமுத்துவின் பிடியில் இருந்த அந்தக் கைகளை மட்டும் பார்த்தாள். திரும்பிப் போனாள்.

*

அவர்கள் கிளம்பிப் போன சற்று நேரத்தில் குமரேசனின் போன் வந்தது.

“ஐயா, உங்க சுருக்கம் புதுசாயிருக்குது. ‘கருத இடமுண்டு’ன்னு இருந்துச்சில்ல, அதை எடுத்துட்டு ‘உறுதி’ன்னு போட்டிருக்குது. ஏனுங்க, இது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியலை. ஆனா வரன் வந்து குவியுது. எல்லாம் பெரிய பெரிய இடம்.”

அவர் போனை வைத்தார். மேட்டூருக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்தவள் மறுபடியும் செத்துவிட்டாள். அவ்வளவு தெரிந்தால் போதும்.

மதி பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மருந்துப் பை பக்கத்தில் நிரப்பி வைத்திருந்தது. சாயங்காலம் எந்த ஊருக்கோ போகவேண்டும் போலிருக்கிறது.

“இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம் கண்ணு,” என்றார்.

“சரிங்ப்பா.”

ஏன் என்று கேட்பாள் என எதிர்பார்த்தார். சின்ன வயதிலிருந்தே எதற்கும் ஏன் கேட்கிறவள். இப்போது தலையை நிமிர்த்தாமல் ஒரு சேலையின் முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள நான் பேசினது…” என்று தொடங்கியவர் நிறுத்தினார். பின்கட்டு அலமாரியிலும் ஒரு பெட்டி இருந்தது. அவள் இடுப்பில் போன் இருந்தது. சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டில் இன்னொன்று பாடிக்கொண்டிருந்தது. தன் வீட்டில், தன் மகளிடம், தான் கொலைகாரன் இல்லை என்று சொல்ல ஒரு இடம் இல்லை.

இவளை மேட்டூருக்கே கூட்டிப்போய்விட வேண்டும். கண்ணால் பார்த்துவிட்டால் ஒரு வார்த்தையும் பேசவேண்டியதில்லை. அந்தப் பழைய காரில் பின்சீட்டில் உட்கார வைத்து, முன்னால் இருப்பவளைத் திரும்பிப் பார்க்கச் சொன்னால் போதும். பத்திரிகை, பரிவட்டம், பங்காளிகள், எல்லாம் அதற்கு அப்புறம். அந்த எண்ணம் வந்ததும் இத்தனை நேரம் அடைத்திருந்த மூச்சு விட்டது. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார்.

“கிளம்பு கண்ணு. ஒரு இடத்துக்குப் போயிட்டு வந்துடலாம்.”

“எங்கேங்ப்பா?”

“அதைச் சொல்ல முடியாது. நீ வா.”

மதி சேலையைக் கீழே வைத்தாள்.

“யாருகிட்டயும் சொல்லிக்க வேண்டாம். நாம ரெண்டு பேர் மட்டும்தான். போனை இங்கயே வெச்சுட்டு வா.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்பது அவருக்குக் கேட்டது. மதியின் முகத்தில் ரத்தம் இல்லை. அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். முதுகு சுவரில் முட்டியது. தன் வீட்டில் யாரும் தன்னை எதிர்த்துப் பேசியதில்லை என்பது அவருக்கு எப்போதும் ஒரு பெருமை. இப்போதும் அவள் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு கைகளையும் குவித்து, அந்நிய மனிதரிடம் கும்பிடுவதுபோல நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

“நான் யாரையும்… அப்படியெல்லாம் எனக்கு யாரும் இல்லைங்ப்பா,” என்றாள். “நீங்க சொல்ற இடத்துல கழுத்தை நீட்டறேன். அந்த வெள்ளகோயில்காரங்களே போதும். என்னை எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்ப்பா.”